பணம் எத்தனை முறை இரட்டிக்கும்? அடுக்கு எண்ணால் கணக்கிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் இரண்டு லட்சம் ரூபாயை அஞ்சலகத்தின் கிசான் விகாஸ் பத்திரத்தில் போடலாம் என்று முடிவான அன்று, கணக்குப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. பணம் 115 மாதங்களில் இரட்டிப்பாகும் என்பது தெரிந்திருந்தது. 2024 ஜூனில் போட்டால் 2034 ஜனவரியில் ஒரு முதிர்வு, அதை எடுத்து மறுபடி போட்டால் 2043 ஆகஸ்டில் இன்னொரு முதிர்வு என்று மூன்று தேதிகளை வரிசையாக எழுதினேன். மூன்று தேதி இருப்பதால் மூன்று இரட்டிப்பு என்று எண்ணி, 2³ = 8 என்று போட்டு, இரண்டு லட்சத்தை எட்டால் பெருக்கிப் பதினாறு லட்சம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அன்று மாலையே மாமாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

மறுநாள் கவுன்டரில் இருந்த அம்மையார் என் தாளை வாங்கிப் பார்த்தார். பணம் கட்டும் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று புள்ளிகள் வைத்தார், அவற்றுக்கு நடுவே இரண்டு வளைவுகள் போட்டார். "தம்பி, தேதி மூணு இருக்கு. நடுவுல இடைவெளி ரெண்டுதானே?" என்றார். விடை எட்டு லட்சம். மாமாவுக்கு மறுபடி தொலைபேசியில் பேச வேண்டியதாயிற்று.

அடுக்கு எண்ணைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். பெருக்கலில் நாம் தவறுவது குறைவு. அடுக்காக எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன, நான் செய்ததும் அதே பிழைதான். எனவே இந்தக் கட்டுரை அந்த எண்ணைச் சரியாகப் பிடிப்பதில் அதிக நேரம் செலவிடும். சேமிப்புப் பணத்துக்குக் கணக்குப் போடுபவருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும் வழிமுறை ஒன்றுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணக்குக்கு நான்கு தகவல்கள் போதும்: தொடக்கத் தொகை, ஒருமுறை இரட்டிப்பாக ஆகும் காலம், மொத்தக் காலம், இரட்டித்த தொகை அப்படியே அடுத்த சுற்றுக்குள் போகிறதா இல்லையா என்பது. இந்த நான்காவது தகவலைக் கேட்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். செலவு எதுவும் இல்லை, கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும், அறிவியல் கால்குலேட்டர் வாங்கத் தேவையில்லை. ஏற்கெனவே போட்ட பணத்துக்குக் கணக்கிடுகிறீர்கள் என்றால் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் பணம் போட்ட நாளில் இருந்த வட்டி விகிதமே உங்கள் பத்திரத்துக்குக் கடைசி வரை பொருந்தும். செய்தித்தாளில் இன்று வந்திருக்கும் விகிதத்துக்கும் உங்கள் பழைய பத்திரத்துக்கும் தொடர்பு இல்லை.

1. இது உண்மையில் இரட்டிப்புக் கணக்குதானா என்று முதலில் பாருங்கள்

"பத்து ஆண்டில் இருமடங்காகும்" என்ற வாக்கியத்தைக் கண்டவுடன் 2-இன் அடுக்குக்குப் போய்விடாதீர்கள். கூட்டு வட்டியில் மட்டுமே பணம் திரும்பத் திரும்ப இரட்டிக்கும், தனிவட்டியில் அப்படி நடக்காது.

ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் பத்தாயிரம் வீதம் சேர்ந்து பத்தாவது ஆண்டில் இரண்டு லட்சம் ஆகிறது. இருபதாவது ஆண்டில் அது நான்கு லட்சம் ஆகாது, மூன்று லட்சம்தான் ஆகும். நான்கு லட்சத்தைத் தொட முப்பது ஆண்டுகள் வேண்டும். கூட்டு வட்டியில் பத்து ஆண்டுகளில் இரட்டிக்கும் பணமோ இருபது ஆண்டில் நான்கு மடங்கும், முப்பது ஆண்டில் எட்டு மடங்கும் ஆகும்.

போட்டித் தேர்வுகளில் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். "ஒரு தொகை கூட்டு வட்டியில் 3 ஆண்டுகளில் இருமடங்காகிறது எனில் எத்தனை ஆண்டுகளில் 8 மடங்காகும்?" என்றால், 8 = 2³ என்பதால் மூன்று இரட்டிப்புகள், ஆகவே 9 ஆண்டுகள். அதே கேள்வியைத் தனிவட்டி என்று மாற்றினால், முதல் தொகைக்கு மேல் ஏழு மடங்கு வட்டி சேர வேண்டும், அதனால் 21 ஆண்டுகள். கேள்வித்தாளில் தனியா கூட்டா என்ற அந்த ஒரு சொல்லைக் கோடிட்டுக்கொண்ட பிறகே பேனாவை நகர்த்துங்கள்.

2. எத்தனை முறை என்பதை எண்ணுங்கள்

இதுவே முழுக் கணக்கின் உயிர்நாடி. மொத்தக் காலத்தை, ஒரு இரட்டிப்புக்கு ஆகும் காலத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் அடுக்கு. இரண்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும்: மாதம் என்றால் இரண்டும் மாதம், நிமிடம் என்றால் இரண்டும் நிமிடம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் நுண்ணுயிர் 3 மணி நேரத்தில் எத்தனை முறை இரட்டிக்கும் என்றால், 3 மணியை 180 நிமிடமாக்கி 20-ஆல் வகுக்க வேண்டும், விடை 9. தொடக்கத்தில் 5 இருந்திருந்தால் முடிவில் 5 × 2⁹, அதாவது 5 × 512 = 2,560.

வகுப்பதற்கு வசதியில்லாமல், தேதிகளோ நாள்களோ பட்டியலாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அங்கே கவனமாக இருங்கள். பட்டியலில் இருக்கும் வரிகளை எண்ணக் கூடாது, இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள தாவல்களை எண்ண வேண்டும். "முதல் நாள் 1 ரூபாய், பிறகு ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப்போல் இருமடங்கு" என்ற கணக்கில், முதல் நாளில் இரட்டிப்பு எதுவும் நடக்கவில்லை. முதல் நாளின் அடுக்கு 0, 2⁰ = 1. இரண்டாம் நாளின் அடுக்கு 1. முப்பதாம் நாளின் அடுக்கு 29. இந்த ஒரு எண் பிசகினால் விடை சற்று மாறுவதோடு நிற்காது, சரியாக இருமடங்காகவோ பாதியாகவோ ஆகிவிடும். கேள்வித்தாளில் தரப்படும் நான்கு விடைகளில் அந்தத் தவறான விடையும் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும்.

நான் இப்போது கடைப்பிடிப்பது அந்த அம்மையார் காட்டிய வழியைத்தான்: புள்ளிகளை வைத்து, நடுவே வளைவுகளைப் போட்டு, வளைவுகளை மட்டும் எண்ணுகிறேன். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும் அரை நிமிட வேலைதான், அதன்பிறகு எனக்குப் பிசகவில்லை.

இதற்குத் தலைகீழான ஒரு பொறியும் உண்டு. குளத்தில் தாமரை நாள்தோறும் இருமடங்காகப் பரவி 30-ஆம் நாளில் குளம் நிறைந்தது, பாதிக் குளம் நிறைந்தது எந்த நாள் என்று கேட்டால் 15 என்று சொல்லத் தோன்றும். ஒரு அடுக்கு பின்னால் போனால் போதும், 29-ஆம் நாள்.

3. அடுக்கைப் போட்டு விடை காணுங்கள்

எழுத வேண்டிய வடிவம் ஒன்றே: முடிவுத் தொகை = தொடக்கத் தொகை × 2-இன் அடுக்கு. இதில் 2 அடிமானம், எத்தனை முறை என்பது அடுக்கு. 5,000 ரூபாய் நான்கு முறை இரட்டித்தால் 5,000 × 2⁴ = 5,000 × 16 = 80,000. தொடக்கத் தொகையை அடுக்குக்குள் சேர்த்து (5,000 × 2)⁴ என்று எழுதிவிடாதீர்கள். அது பத்தாயிரத்தின் நான்காம் அடுக்கு, ஒன்றுக்குப் பின்னால் பதினாறு பூச்சியங்கள் வந்து நிற்கும். 2⁴ என்பதை 2 × 4 என்று படித்து 8 என்று போடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

மனப்பாடம் செய்ய வேண்டியது 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1,024 என்று 2¹⁰ வரை மட்டுமே. அதற்கு மேல் வருவனவற்றை அடுக்குகளைக் கூட்டும் விதியால் உடைத்துக்கொள்ளலாம். 2²⁷ வேண்டும் என்றால் 2²⁰ × 2⁷. 2²⁰ என்பது 1,024 × 1,024 = 10,48,576. அதை 128-ஆல் பெருக்கினால் 13,42,17,728. இருபத்தேழு முறை இரண்டால் பெருக்குவதற்குப் பதில் இரண்டே பெருக்கல்கள்.

துல்லியம் தேவைப்படாத இடத்தில், பத்து இரட்டிப்புக்கு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது இரட்டிப்புக்குப் பத்து லட்சம், முப்பதுக்கு நூறு கோடி. உண்மை விடை இதைவிட முறையே 2.4, 4.9, 7.4 சதவீதம் கூடுதலாக இருக்கும். வாய்க்கணக்காக ஒருவர் சொல்வதைச் சரிபார்க்க இது போதும்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு மூன்று மணி நேரம், ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது, கால்குலேட்டருக்கும் அனுமதி இல்லை. எனவே மேலே சொன்ன பத்து எண்களை மனப்பாடம் செய்வதைத் தேர்வுக்குப் போகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

4. கருவியில் தட்டும்போது

கைபேசியைப் படுக்கைவாட்டில் திருப்பினால் பெரும்பாலான கால்குலேட்டர் செயலிகளில் அடுக்குப் பொத்தான் தெரியும், அது மேல்நோக்கிய கூரைக்குறியாக (^) இருக்கும், அல்லது ஒரு எழுத்தின் தலைமேல் இன்னொரு சிறிய எழுத்து இருப்பதுபோல் இருக்கும். 2, அந்தப் பொத்தான், 10, பிறகு சமக்குறி. முதலில் 2-இன் அடுக்கு 3 என்று தட்டி 8 வருகிறதா என்று பாருங்கள். 9 வந்தால் அடிமானத்தையும் அடுக்கையும் இடம் மாற்றித் தட்டியிருக்கிறீர்கள்.

மளிகைக் கடைகளில் இருக்கும் சாதாரண கால்குலேட்டர் பலவற்றில் 2, பெருக்கல்குறி, பிறகு சமக்குறியைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் 4, 8, 16 என்று போய்க்கொண்டிருக்கும். முதல் அழுத்தலிலேயே 4, அதாவது 2² வந்துவிடுவதால், அழுத்திய எண்ணிக்கையைவிட அடுக்கு ஒன்று கூடுதல். 2¹⁰ வேண்டும் என்றால் ஒன்பது முறைதான் அழுத்த வேண்டும். எல்லாக் கருவியும் இப்படி இயங்காது, உங்கள் கருவி எப்படி என்பதைச் சிறிய எண்ணில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எக்செல் தாளில் =2^10 என்று எழுதினால் 1,024 வரும். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் காட்டாது என்பதால் 2⁴⁹ வரை விடை முழுதாக இருக்கும், 2⁵⁰ முதல் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும். 2⁵⁰-இன் உண்மை மதிப்பு 2-இல் முடிய வேண்டிய இரட்டைப்படை எண்ணா, 4-இல் முடிய வேண்டியதா என்று நான் ஒருநாள் குழம்பி உட்கார்ந்திருந்தேன். அது 4-இல் முடிகிறது, எக்செல் 0 என்று காட்டியது.

வாட்ஸ்அப்பில் வரும் வினாக்களையும், பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும் வினாக்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். மேலே ஏறியிருக்க வேண்டிய அடுக்கு கீழே இறங்கி 2¹⁰ என்பது 210 ஆகிவிடும். இருநூற்றுப் பத்தை வைத்துக்கொண்டு எந்த விடையும் பொருந்தவில்லை என்று இரவெல்லாம் விழித்த நண்பர் எனக்கு உண்டு.

5. கேட்பது கடைசியா, மொத்தமா?

முப்பது நாள்களும் இரட்டித்துக்கொண்டே போகும் ஒரு ரூபாய்க் கணக்கில், முப்பதாம் நாள் மட்டும் கிடைப்பது 2²⁹ = 53,68,70,912 ரூபாய். முப்பது நாள்களிலும் கிடைத்ததைக் கூட்டினால் 2³⁰ − 1 = 107,37,41,823 ரூபாய். ஒன்று ஐம்பத்து மூன்று கோடி, இன்னொன்று நூற்று ஏழு கோடி.

மொத்தத்துக்கான விதி எளியது: கடைசி எண்ணை இருமடங்காக்கி, தொடக்க எண்ணைக் கழித்துவிடுங்கள். 1 + 2 + 4 + 8 = 15, கடைசி எண் 8-இன் இருமடங்கு 16, அதில் 1 கழித்தால் 15. இதில் ஒளிந்திருக்கும் ஒரு செய்தியைப் பாருங்கள்: கடைசிப் படியில் இருப்பது, அதற்கு முன் வந்த எல்லாப் படிகளின் கூட்டுத்தொகையைவிட ஒன்று கூடுதல். 8 என்பது 1 + 2 + 4 ஆகிய ஏழைவிட ஒன்று கூடுதல். எட்டாவது படிநிலைக்கு வரும்போது இது நமக்குத் தேவைப்படும்.

6. அஞ்சலகத்துக்குப் போகும்போது: ஆவணம், செலவு, காலம்

கிசான் விகாஸ் பத்திரத்துக்கு இப்போது பேசப்படும் 115 மாதம் என்ற கணக்கு 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வந்தது, ஆண்டு வட்டி 7.5 சதவீதம். இந்த விகிதத்தை மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறது என்பதால், பணத்தோடு கிளம்பும் முன் அந்தக் காலாண்டின் விகிதத்தை விசாரித்துவிடுங்கள். 2014-இல் 8.7 சதவீதத்தில் 100 மாதமாக இருந்தது, 2020 ஏப்ரலில் 6.9 சதவீதத்துக்கு இறங்கி 124 மாதமாக நீண்டது, 2023 ஜனவரியில் 120 மாதம். வீட்டில் மூன்று பத்திரங்கள் இருந்தால் மூன்றுக்கும் இரட்டிப்புக் காலம் வேறு வேறாக இருக்கலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை ஆதார், பான் அட்டை, பாஸ்போர்ட் அளவு புகைப்படம், பூர்த்தி செய்த விண்ணப்பம், வாரிசு நியமனத்துக்கான விவரம். அசலோடு நகலும் வேண்டும். குறைந்தபட்சம் 1,000 ரூபாய், அதற்கு மேல் நூறின் மடங்குகளில் எவ்வளவும் போடலாம், உச்சவரம்பு இல்லை. ஆதாரில் உள்ள பெயரும் பான் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள், தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்ததால் நாங்கள் இரண்டு முறை அலைந்தோம். பணம் போட்ட நாளிலிருந்து இரண்டரை ஆண்டுகள் கடந்த பிறகே பொதுவாக இடையில் எடுக்க முடியும், அப்போது கிடைக்கும் தொகைக்கு அரசே ஒரு அட்டவணை வைத்திருக்கிறது, நமது அடுக்குக் கணக்கு அங்கே செல்லாது.

இனி அடுக்கு எண் தொடர்பான இரண்டு பொறிகள். முதலாவது, ஒரு பத்திரம் ஒருமுறைதான் இரட்டிக்கும். 115 மாதம் முடிந்த பிறகு அது தானாகவே அடுத்த இரட்டிப்புக்குப் போகாது. நீங்கள் போய்ப் பணத்தை எடுத்து, அன்றைய விகிதத்தில் புதிதாகப் போட வேண்டும். அன்று விகிதம் குறைந்திருந்தால் இரண்டாவது வளைவு 115 மாதமாக இருக்காது. 2034-இல் என்ன விகிதம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், நான் எழுதிய 2043 ஆகஸ்ட் என்ற தேதியை இப்போது பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, வருமான வரி. இந்த வட்டிக்கு வரிவிலக்கு இல்லை, போட்ட பணத்துக்கு வரிக்கழிவுச் சலுகையும் இல்லை. எடுத்துக்காட்டுக்கு, முதிர்வில் வரும் இரண்டு லட்ச ரூபாய் வட்டி முழுவதற்கும் 20 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் விழுகிறது என்று கொள்வோம். மொத்தம் 20.8 சதவீதம், அதாவது 41,600 ரூபாய். அதை அந்தப் பணத்திலிருந்தே கட்டினால் கையில் மிஞ்சுவது 3,58,400. இரண்டு லட்சம் 4 லட்சம் ஆகவில்லை, 1.792 மடங்குதான் ஆகியிருக்கிறது. இங்கே மாறியிருப்பது அடுக்கு அல்ல, அடிமானம். எனவே இரண்டு சுற்று முடிவில் 2² = 4 மடங்கு என்று எழுதக் கூடாது, 1.792² = 3.211 மடங்கு என்று எழுத வேண்டும். எட்டு லட்சம் என்று நினைத்தது ஏறத்தாழ 6,42,250 ரூபாயில் வந்து நிற்கும். வரம்புக்குக் கீழே வருமானம் உள்ள மூத்த குடிமக்களுக்கு இந்த இழப்பு இருக்காது. வட்டியை ஆண்டுதோறும் கணக்கில் காட்டுவதா, முதிர்வில் மொத்தமாகக் காட்டுவதா என்பதை முதல் ஆண்டிலேயே ஒரு ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

7. முழு எண்ணாக வராதபோது

ஆண்டு வட்டி மட்டும் தெரிந்து, இரட்டிப்புக் காலம் தெரியாதபோது 72-ஐ அந்த வட்டி விகிதத்தால் வகுங்கள். 72 ÷ 7.5 = 9.6 ஆண்டு, மாதக் கணக்கில் 115.2. அஞ்சலகத்தின் 115 மாதத்தோடு இது ஒத்துப்போவதைப் பாருங்கள். வட்டி 5 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்கும் வரை இந்தக் குறுக்குவழி நன்றாக வேலை செய்யும்.

7.5 சதவீதக் கூட்டு வட்டி தரும் ஏதோ ஒரு வைப்பில் 15 ஆண்டுகளுக்குப் பணம் கிடக்கிறது என்றால், 180 மாதத்தை 115-ஆல் வகுத்தால் 1.565. அடுக்கு முழு எண்ணாக இல்லையே என்று அஞ்ச வேண்டாம், கால்குலேட்டரில் 2-இன் அடுக்கு 1.565 என்றே தட்டலாம், 2.96 மடங்கு வரும். ஒரு இரட்டிப்புக்குப் பிறகு இருக்கும் 0.565-க்குப் பாதி இரட்டிப்பு என்று சொல்லி 0.565 மடங்கைக் கூட்டிவிடுவது பிழை. அரை இரட்டிப்பு என்பது ஒன்றரை மடங்கு அல்ல, 1.414 மடங்கு. இரண்டு அரை இரட்டிப்புகள் சேர்ந்து 2 ஆக வேண்டும் அல்லவா, 1.5 × 1.5 = 2.25 ஆகிவிடும்.

எதிர்த்திசையிலும் கேட்கலாம்: ஒரு லட்சம் ஒரு கோடியாக எத்தனை இரட்டிப்பு வேண்டும்? நூறு மடங்கு. 2⁶ = 64, 2⁷ = 128, எனவே ஆறுக்கும் ஏழுக்கும் இடையில். மடக்கை தெரிந்தவர்கள் 100-இன் மடக்கையான 2-ஐ 2-இன் மடக்கையான 0.3010-ஆல் வகுத்து 6.64 என்று பெறலாம். 115 மாத வீதத்தில் அது 764 மாதம், அறுபத்து மூன்றரை ஆண்டுக்கும் மேல். வரியை இதில் சேர்க்கவே இல்லை.

8. யாராவது இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்னால்

எங்கள் தெருவில் ஒருவர் வந்து, நீங்கள் இரண்டு பேரைச் சேருங்கள், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்ப்பார்கள், உங்களுக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும் என்றார். அஞ்சலக அனுபவத்துக்குப் பிறகு என் கை தானாகப் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தது. உச்சியில் ஒருவர், 2⁰, அதைப் பூச்சியமாவது படி என்று வைத்துக்கொண்டேன். அடுத்த படியில் 2, பிறகு 4. இருபதாவது படியில் 10,48,576 பேர். இருபத்தாறாவது படியில் மட்டும் 6,71,08,864 பேர், உச்சி முதல் அதுவரை மொத்தம் 13,42,17,727 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.21 கோடி, அதாவது இருபத்தாறாம் படி நிரம்பும் முன்பே கைக்குழந்தைகள் உட்பட ஆள்கள் தீர்ந்துவிடுவார்கள். ஐந்தாவது படிநிலையில் கண்ட செய்தியை இங்கே பொருத்துங்கள்: சங்கிலி எந்தப் படியில் அறுந்தாலும், பணம் கட்டி எதுவும் பெறாத கடைசிப் படியினர் மொத்தப் பேரில் பாதிக்கும் சற்று அதிகம்.

இன்னொரு வகை, மாதம் 10 சதவீதம் தருகிறோம் என்பது. அந்த வட்டியையும் உள்ளேயே விட்டுவைக்கச் சொன்னால் 7.27 மாதத்துக்கு ஒருமுறை பணம் இரட்டிக்க வேண்டும். ஐந்து ஆண்டில் 60 மாதம், 60 ÷ 7.27 = 8.25 இரட்டிப்பு. 2⁸ = 256, மீதியுள்ள கால் இரட்டிப்புக்கு 1.19 மடங்கு, ஆக 304 மடங்கு. ஒரு லட்சம் கொடுத்தவருக்கு மூன்று கோடிக்கு மேல் திருப்பித் தர வேண்டும். எந்தத் தொழிலில் அப்படி ஈட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டபோது, வந்தவர் அடுத்த வாரக் கூட்டத்துக்கான அழைப்பிதழைக் கொடுத்தார்.

ஆள் சேர்க்கும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புக்கென 1997-இல் தனிச்சட்டம் வந்தது, அதன்கீழ் வரும் புகார்களைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரிக்கிறது. ஒரு நிறுவனம் வைப்புப் பணம் வாங்க அனுமதி பெற்றதா என்பதை ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம், புகாரும் பதியலாம். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் ரசீது, ஒப்பந்தத் தாள், வங்கிப் பரிமாற்ற விவரம், அவர்கள் அனுப்பிய செய்திகள் ஆகியவற்றின் நகல்களை முதலில் எடுத்து வையுங்கள். கணக்கைச் சரிசெய்து தருகிறோம் என்று சொல்லி அசல் ரசீதைத் திருப்பிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்பாவின் பாஸ்புக்கின் உள்ளட்டையில் இப்போது ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கிறது. போட்ட நாள், தொகை, அன்றைய விகிதம், 115 மாதம் முடியும் நாள், அந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஆதாரும் பான் அட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்ற குறிப்பு, அதன் கீழே இரண்டு புள்ளிகளும் நடுவே ஒரு வளைவும்.